பழைய லொறியின் நோய் வரலாறு

தலவாக்கலையிலிருந்து லிந்துலைக்குச் செல்லும் வீதியில், முகப்பைத் திறந்தபடி ஓரத்தில் நிற்கும் பழைய டீசல் வண்டி ஒன்றையேனும் காணாத நாள் அரிது. பின்சக்கரத்துக்கு அண்டையாக ஒரு கருங்கல். அடியில் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் ஓர் இளைஞனின் கால்கள். பக்கத்தில் தகர டப்பாவில் கறுத்த எண்ணெய். மெக்கானிக்கின் தொல்லை அது என்று நாம் கடந்துபோகிறோம். மலையகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் கோப்பியின் வீழ்ச்சியை எழுதினர். தேயிலையின் ஏற்றத்தை எழுதினர். கங்காணி முறையையும் துண்டு முறையையும் குடியுரிமைப் பறிப்பையும் எழுதினர். பறித்த கொழுந்தைச் சுமந்து சென்ற வண்டியையும், அது பழுதுபட்டபோது அதன் செலவைச் சுமந்தவனையும் பற்றி எழுதியது குறைவு. ஆனால் ஒரு பழுதைப் பிடித்துக்கொண்டு, இஃது ஏன் உண்டாயிற்று, இதற்குப் பணம் கொடுப்பவன் யார் என்ற இரண்டு கேள்விகளைத் தொடர்ந்து கேட்டுச் சென்றால், அவை நம்மைப் பட்டறையோடு நிறுத்துவதில்லை. வீதிக்கும், சட்டத்துக்கும், கூலிக்கும் அழைத்துச் சென்றுவிடுகின்றன.

லொறிக்கு முன் இம்மலைகளில் சுமந்தவை மாடும் மனிதனும். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட 1867ஆம் ஆண்டிலேயே கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்துவிட்டது. ஆனால் அது மேல்மலைக்கு ஏற மேலும் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அது தொட்டது. இடையிலே தலவாக்கலை ஒரு நிலையமாயிற்று. பிரித்தானியாவில் வார்த்த கொழுந்து அரைக்கும் யந்திரங்களும் கொதிகலன்களும் நிலையம் வரைக்கும் தண்டவாளத்தில் வந்தன. அங்கிருந்து தொழிற்சாலை நிற்கும் மேட்டுக்கு அவற்றை ஏற்றியவை எருதுகளும் மனிதத் தோள்களுமே. கொழுந்து கூடையிலே, தலையில் மாட்டிய கயிற்றிலே வந்தது. சில தோட்டங்களில் மலைக்கு மலை கம்பி கட்டி, மூட்டைகளை அக்கம்பியில் தொங்கவிட்டுத் தொழிற்சாலைக்கு இறக்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஓடிய சிறுபாதைப் புகையிரதம், வீதியில் ஓடும் மோட்டார் வண்டிகளோடு போட்டியிட இயலாது 1940களில் மூடப்பட்டது. மலைநாட்டில் லொறியின் ஆட்சி ஏற்பட்டுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

அந்த லொறியை ஓட்டும் எஞ்சினுக்குத் தன் பெயரைக் கொடுத்த ருடோல்ப் டீசலைப் பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். 1897இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடிற்று. காற்றை மட்டும் உருளைக்குள் இழுத்து, அதைச் சுமார் இருபதில் ஒரு பங்காக நெருக்கினால், அந்நெருக்கத்தாலேயே காற்று ஐந்நூறு பாகைக்கு மேல் சூடேறிவிடும். அதில் எண்ணெயைத் தூவினால் தீப்பொறியின் துணையின்றித் தானே பற்றிக்கொள்ளும் — இன்று நம்மிடையே உள்ள டீசல் எஞ்சின்களின் அடிப்படை இதுவே. ஆனால் அவர் உள்ளத்தில் இருந்தது யந்திரம் மட்டுமன்று. பெரிய ஆலைகளின் நீராவி யந்திரத்துக்கு முன் நிற்கமாட்டாது நசுங்கும் சிறு கைத்தொழிலாளன், தன் பட்டறையில் தனக்கென ஒரு சிறு எஞ்சினை வைத்து மானத்தோடு பிழைக்கவேண்டும் என்பது அவர் கனவு. 1903இல் சமுதாயச் சீரமைப்புப் பற்றி ஒரு நூலும் எழுதினார், அந்நூல் விலைபோகவில்லை. எஞ்சினோ கப்பலுக்கும் பெரிய ஆலைக்கும் போயிற்று. 1913இல் டீசல் கடற்பயணத்தின்போது மறைந்தார். அவர் கண்ட கனவு, சிறியவன் கையில் சொந்த எஞ்சின் என்ற கனவு, தலவாக்கலையில் எவ்விதம் நிறைவேறியிருக்கிறது என்பதைப் பின்னர் காண்போம்.

இலங்கைத் தோட்டங்களில் எண்ணெய் எஞ்சின் முதலிலே தொழிற்சாலைக்குள்தான் நுழைந்தது. லொறிகள் நெடுங்காலம் பெற்றோலில் ஓடின. ஜெர்மனியில் 1924 அளவில் டீசல் லொறிகள் வீதிக்கு வந்தன. 1927இல் பொஷ் நிறுவனம் எரிபொருட் பம்பைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிய பின்னரே அவை பரவின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்போர்ட் லொறியும், 1948இல் பிறந்து 1957இல் டீசல் எஞ்சின் பெற்ற லேண்ட் ரோவரும், மாசி பேர்குசன் உழவு யந்திரமும் மலைநாட்டுக்குப் பழக்கமான உருவங்களாயின. அக்காலத்துத் தோட்ட லொறி கம்பெனியின் சொத்து. அது புதிதாக வந்தது. அதன் உதிரிப்பாகம் கொழும்பு ஏஜென்சியிலிருந்து புதிதாக வந்தது. பழுதுச் செலவு தோட்டக் கணக்கில் ஏறிற்று. தொழிலாளிக்கு அதனால் நன்மை விளைந்ததென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். லொறியின் செலவும் 'உற்பத்திச் செலவு', தொழிலாளியின் கூலியும் 'உற்பத்திச் செலவு'. ஒன்று கூடினால் மற்றதைக் குறைக்க வழி தேடுவதே துரைமாரின் கணிதம். எனினும் பிரேக் தேய்ந்தால் அதை மாற்றும் கடமை கம்பெனியுடையது என்பதிலாவது ஐயம் இருக்கவில்லை.

1960க்குப் பின் காட்சி மாறிற்று. அந்நியச் செலாவணி வற்றியது, இறக்குமதி இறுக்கப்பட்டது. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு அந்நிய எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்துக்கள் கைப்பற்றப்பட்டமைக்காக, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. இத்தகைய நெருக்கடியில் ஒரு நாடு முதலில் கைவிடுவது புதிய லொறியைத்தான். நம் பட்டறைகளின் கைத்திறம் வளர்ந்த காலம் அதுவே. உடைந்த வில்லுத் தகட்டை வேறொரு வண்டியின் தகட்டிலிருந்து வெட்டி எடுத்தனர். தேய்ந்த தண்டுக்கு ஒட்டுவேலை செய்து கடைந்தனர். பெற்றோல் எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு அவ்விடத்தில் வேறெதன் டீசல் எஞ்சினையோ பொருத்தினர். இன்றும் மலையகத்தில் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களின் முகப்பைத் திறந்தால், ஆங்கிலேய உடலுக்குள் ஜப்பானிய இதயம் துடிப்பதைப் பல இடங்களில் காணலாம். இப்பட்டறை ஆசான்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் தகரப்பெட்டிகளை நிலையத்துக்கு ஏற்றிச் சென்றவையும் தோட்டத்து லொறிகளே. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. இவ்விரண்டும் சேர்ந்து இன்றைய நிலையை உண்டாக்கின. தோட்டம் தன் வண்டியைக் குறைத்துக்கொண்டு, ஏற்று வேலையைக் கொந்தராப்புக்கு விடும் வழக்கம் பரவியது. அக்கொந்தராப்பை எடுக்க, தோட்டத்துப் பிள்ளைகளே கடனுக்கு வண்டி வாங்கினர். கடனுக்குக் கிடைத்த வண்டி ஜப்பானின் பழைய வண்டி.

ஜப்பான் ஏன் தன் வண்டிகளை இத்தனை விரைவில் கழிக்கின்றது? அங்கே வாகனங்களுக்குக் கால ஒழுங்கில் கட்டாயப் பரிசோதனை உண்டு. வண்டி முதிர முதிர அதில் தேறுவதற்கான செலவு ஏறும். உடைமையாளன் அதைவிடப் புதியதை வாங்குவதே மேல் என்று முடிவு செய்கிறான். நம்மைப் போலவே அவர்களும் வீதியின் இடப்பக்கம் ஓட்டுவதால், சுக்கானை மாற்றும் தேவையும் இல்லை. ஆக, செல்வ நாட்டின் பாதுகாப்புச் சட்டம் கழித்த வண்டி, ஏழை நாட்டின் செங்குத்து மலையில் இரண்டாம் பிறவி எடுக்கின்றது. முழு வண்டியாக வருவதும் உண்டு. பாதியாக வெட்டப்பட்டு உதிரிப்பாகமாகக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு வருவதும் உண்டு. பனிப் பிரதேசத்தில் ஓடியதாயின், அங்கே வீதியில் தூவும் உப்பு அடிச்சட்டத்தை அரித்திருக்கும். மேலே பூசிய கறுப்பு மையைச் சுரண்டினால்தான் துரு தெரியும்.

இனி அதன் நோய்களைப் பார்ப்போம். எனக்கு இவற்றைச் சொல்லித் தந்தவன் என் பழைய மாணவன் ஒருவன். தாய் கொழுந்து பறிப்பவர். சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தி, லொறியில் உதவியாளாகச் சேர்ந்து, 2019இல் லீசிங் முறையில் இருபது வயது கடந்த ஒரு தொன் டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினான். கணவினையையும் பெயரெச்சத்தையும் நான் அவனுக்குக் கற்பித்ததைக் காட்டிலும், எஞ்சினைப் பற்றி அவன் எனக்குக் கற்பித்தது அதிகம் என்று ஒப்புக்கொள்ள வெட்கமில்லை.

முதல் நோய் மூச்சுத் திணறல். தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட எட்டில் ஒரு பங்களவு குறைவு. மேலதிகக் காற்றை ஊதித் தரும் டர்போ இல்லாத பழைய எஞ்சின் குறைந்த காற்றையே பெறுகிறது. பம்போ கொழும்பில் ஊற்றிய அதே அளவு எண்ணெயை ஊற்றுகிறது. எரியாத எண்ணெய் கறுப்புப் புகையாகின்றது. புகையின் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லலாம்: கறுப்பு என்றால் காற்றுக் குறைவு அல்லது நொசில் கெட்டது, நீலம் என்றால் ரிங்கும் லைனரும் தேய்ந்து எஞ்சின் எண்ணெய் எரிகின்றது, எஞ்சின் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் கேஸ்கட்டு எரிந்து, அல்லது தலைப்பகுதி வெடித்து, தண்ணீர் உள்ளே போகின்றது. பழைய வண்டி வாங்கப் போகிறவன் விற்பவனுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் அதிகாலையில் போகவேண்டும் என்பான் என் மாணவன். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சின் எந்நோயையும் மறைத்துவிடும். மார்கழி, தை மாதக் குளிரில், முதல் சுழற்சியில் அது பற்றுகிறதா, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, றேடியேற்றர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா — இவ்வளவும் பார்த்த பிறகே விலை பேசவேண்டும்.

இரண்டாவது நோய் பிரேக்கைப் பற்றியது. இதிலே உயிர் இருக்கிறது. பெற்றோல் எஞ்சின் தன் உறிஞ்சு குழாயில் இயல்பாகவே வெற்றிடத்தை உண்டாக்கும். ஓட்டுநரின் கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுப்பது அவ்வெற்றிடமே. டீசல் எஞ்சினில் காற்றுவழியை மூடும் தடுக்கு இல்லாததால் அவ்வெற்றிடம் கிடைப்பதில்லை. ஆகவே அதற்கென ஒரு சிறு பம்பு வேண்டும். ஜப்பானியப் பிக்கப்புகள் பலவற்றில் அது மின்பிறப்பாக்கியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது தேய்ந்தால் மின்சாரம் குறையாது, விளக்கு எரியும், எல்லாம் சரியாகவே தோன்றும். இறக்கத்தில் மட்டும் மிதி கல்லாகிவிடும். எண்ணெய் விலை ஏறிய நாட்களில் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, எஞ்சினையே நிறுத்தி, வண்டியை உருளவிடும் பழக்கம் சிலரிடம் வந்தது. எஞ்சின் நின்றால் அந்தப் பம்பும் நிற்கும். இரண்டு மூன்று மிதியில் சேமித்த வெற்றிடம் தீரும். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் முழுப் பாரமும் லைனிங்கின் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். சில லீற்றர் டீசலை மிச்சம் பிடிக்கப்போய் மனிதர்கள் மடிகின்றனர். ஓட்டுநனின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. அந்தச் சில லீற்றர் அவனுக்கு ஏன் அத்தனை பெரிதாயிற்று என்று யார் கேட்கிறார்கள்?

கிளச்சுத் தட்டும், வில்லுத் தகடும், பின் அச்சின் பல்சக்கரமும் தேய்வதற்குக் காரணத்தைத் தேடி வண்டிக்குள் போகவேண்டியதில்லை. வீதியைப் பார்த்தால் போதும். தோட்ட வீதிகள் தோட்டத்தின் சொத்து என்று கருதப்பட்டன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் கிராமங்களுக்கு வீதி போடச் சபைகளுக்கு அதிகாரம் தந்தபோது, தோட்டக் குடியிருப்புகள் அந்த வரம்புக்கு வெளியே நின்றன. வாக்குக் கேட்டு அவ்வீதியில் ஏறிய சபை உறுப்பினர், வெற்றி பெற்ற பின் அதே வீதிக்கு ஒரு பார் ஜல்லி கொட்டச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அரசு ஆண்டபோதும், கம்பெனி ஆண்டபோதும் தார் கரைந்தது. கருங்கல் அடுக்கு மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. 2018இலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் ஒவ்வொரு குழியும் ஒரு வில்லுத் தகட்டில் எழுதப்பட்டது; அத்தகட்டின் விலையை வீதிக்குப் பொறுப்பற்றவன் கொடுத்தான். சட்டம் திருந்திய பின்னும், கல்லடுக்கு வீதிகள் இன்னும் பல இருக்கின்றன.

மூன்றாவது நோயே அதிகச் செலவுடையது: பம்பும் நொசிலும். எரிபொருளைத் தூவும் நொசிலின் உறுப்புகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியில் ஒன்றுக்குள் ஒன்று அசைகின்றன. அங்கே மண்துகளுக்கும் தண்ணீருக்கும் இடமில்லை. பிக்கப்புகளில் உள்ள சுழல் பம்புக்கு வேறு மசகெண்ணெயும் கிடையாது. தன்னுள்ளே ஓடும் டீசலே அதற்கு மசகு. டீசலின் தரம் கெட்டால் பம்பு தன்னைத்தானே தின்னத் தொடங்கும்.

2022இல் நிகழ்ந்ததை இதனோடு சேர்த்துப் பாருங்கள். அவ்வருடத் தொடக்கத்தில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபா. மே 24இல் 400. ஜூன் 26இல் 460. மண்ணெண்ணெயோ ஓகஸ்ட் மாதம் வரைக்கும் 87 ரூபாவில் இருந்து, அம்மாதத்திலேதான் 340க்கு ஏறிற்று. நாட்கணக்காக வரிசையில் காத்திருந்து வெறுங்கையுடன் திரும்பியவன், எப்படியோ கிடைத்த மண்ணெண்ணெயை டீசலோடு கலந்து ஊற்றினான். அது குற்றம் என்பதையும், யந்திரத்துக்குத் தீங்கு என்பதையும் அவன் அறிவான். பீப்பாய்களில் பதுக்கிய டீசலில் தண்ணீரும் துருவும் சேர்ந்தன. மண்ணெண்ணெய் மெலிந்தது, மசகாகாது. அந்த மாதங்களில் மிச்சமானதுபோல் தோன்றிய ரூபா, பின்னர் பம்பு வேலையாக, வட்டியோடு வெளியே வந்தது. அவ்வேலையைத் தெருவோரத்தில் செய்ய இயலாது; பம்பைக் கழற்றி, அட்டனுக்கோ கண்டிக்கோ கொண்டுபோய், அளவுப் பலகையில் ஏற்றிச் சோதிக்கவேண்டும். 1995இல் ஜப்பானிய லொறியில் முதன்முதலாக வந்த 'கொமன் ரெயில்' முறையுள்ள வண்டியாயின், நொசிலைக் கழற்றிக் கழுவும் பேச்சே இல்லை, மாற்றவேண்டியதுதான். பட்டறை ஆசானின் அறுபது வருடக் கைத்திறம் அந்த இடத்தில் செல்லாக்காசாகிறது.

செலவை ரூபாவில் மட்டும் சொன்னால் அதன் பாரம் விளங்காது, கூலிநாளில் சொல்லவேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பல வருடப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாயிற்று. அன்று டொலர் சுமார் 200 ரூபா. வெளிநாட்டிலிருந்து வரும் நூறு டொலர் பெறுமதியான ஓர் உதிரிப்பாகம், வரியையும் தரகையும் விட்டுவிட்டாலும், இருபது நாட் கொழுந்து. அடுத்த ஆண்டு டொலர் 360ஐத் தொட்டபோது அதே பாகம் முப்பத்தாறு நாட் கொழுந்தாயிற்று. பாகம் மாறவில்லை, பறிக்கும் விரல்களும் மாறவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் வயோதிக வண்டிகளின் விலையும் ஏறியது. இருபது வயது வண்டியை விற்றுப் பத்து வயது வண்டி வாங்கும் வழியும் அடைபட்டது.

"சேர், வண்டி என் பேர்லகூட இல்ல," என்றான் ஒரு நாள். "புத்தகத்தில லீசிங்காரன் பேருதான். பழுது மட்டுந்தான் என் பேர்ல."

ருடோல்ப் டீசலின் கனவு இவ்விடத்தில் இவ்வடிவில் வந்து நிற்கின்றது. சிறியவன் கையில் எஞ்சின் வந்துவிட்டது. உடைமை அவன் கையில் வரவில்லை. முன்பு கம்பெனிக் கணக்கில் ஏறிய பிரேக் லைனிங், இன்று ஒரு தொழிலாளக் குடும்பத்தின் அரிசிக் கணக்கில் ஏறுகின்றது. வழியில் வண்டி நின்றால் நட்டமும் அவனுடையது. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். மூட்டைக்குள் நெருங்கிக் கிடந்து சூடேறிய கொழுந்து தொழிற்சாலைக்குப் போகும் முன்னரே சிவந்துவிடும். காத்திருக்க அதற்குத் தெரியாது.

காத்திருக்க முடியாத சுமை வேறொன்றும் உண்டு. தோட்டத்து மருத்துவ வசதி தோட்ட உடைமையாளரின் பொறுப்பென்று 1912ஆம் ஆண்டிலேயே சட்டம் சொல்லிற்று. நூறாண்டு கடந்த பின்னும், பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணை மேல் லயத்திலிருந்து இறக்குவது லொறியோ, உழவு யந்திரமோ, இத்தகைய பிக்கப்போதான். 1990 இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை நாடெங்கும் பரவியிருப்பது பெரும் பேறு. ஆனால் கல்லடுக்கு வீதியில் அது ஏறமாட்டாத இடங்களில், பெரிய வீதி வரைக்கும் நோயாளியைக் கொண்டுவரும் வேலை பழைய வண்டிக்கே விழுகின்றது. அந்தப் பயணத்துக்கு என் மாணவன் வாடகை வாங்குவதில்லை. லயத்தில் எவரும் அதை எதிர்பார்ப்பதுமில்லை.

2025 பெப்ரவரியில் இறக்குமதித் தடை முற்றாக நீங்கியது. வரியோடு சேர்ந்து வந்த விலையைக் கேட்டுவிட்டு, அவன் தன் பழைய வண்டியையே இன்னும் சில காலம் ஓட்டுவதென்று தீர்மானித்தான். சென்ற முறை அவனைப் பட்டறையில் கண்டபோது இரண்டு வேலைகள் காத்திருந்தன: பம்பைக் கழற்றவேண்டும், நான்கு சக்கரத்துக்கும் லைனிங் மாற்றவேண்டும். கையிலிருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். முதல் வாரத்தில் ஓர் இரவு, மழையிலே, ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டு இறங்கியபோது மிதி கீழ் வரைக்கும் போய்விட்டதாகவும், கைப்பிரேக்கையும் முதல் கியரையும் பிடித்து லிந்துலை வைத்தியசாலை வரை கொண்டுபோனதாகவும் சொன்னான். சொல்லிவிட்டு லைனிங்கை மாற்றச் சொன்னான். மறுநாள் விடியற்காலை வண்டி கறுப்புப் புகையோடு கோவா ஏற்றித் தம்புள்ளைக்குப் புறப்பட்டது. பம்பு வேலையைச் சித்திரைக்குப் பிறகு பார்ப்பதாக வைத்திருக்கிறான்.